அம்பாரத்தில் ஒரு பள்ளம்

வசந்த்குமாருக்கு யாரிடமும் வழி கேட்கப் பிடிக்காது. செல்போன் வரைபடம் காட்டுகிற இடத்தில் சாலை இல்லையென்றால் சாலையின் மேல்தான் தப்பு என்று சாதிப்பான். ஆனால் உத்திரமேரூரைத் தாண்டிய ஏழாவது கிலோமீட்டரில் அந்த வரைபடம் காரை நேராக ஏரிக்குள் இறங்கச் சொன்னபோது, அவனும் பிரேக்கை மிதிக்க வேண்டியதாயிற்று.

"இறங்கிடலாமா மேடம்? உங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல?"

பின் சீட்டில் இருந்த வளர்மதி சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் போலீஸில் தலைமைக் காவலராக இருந்துவிட்டு வந்து, காஞ்சிபுரத்தில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். வசந்த்குமார் நாலு வருடமாக அவளுக்கு உதவியாளன். நாலு வருடத்தில் அவள் அவனுடைய ஜோக்குக்குச் சிரித்தது மொத்தம் மூன்று தடவை.

"கரையில ஒரு பையன் நிக்கிறான் பாரு. அவனைக் கேளு."

ஒட்ட வெட்டிய தலை. முழங்காலுக்குக் கீழே தொங்குகிற பெரிய ஆள் சட்டை. ஏழெட்டு வயது இருக்கும். வலது கை சட்டைக்கு உள்ளே போயிருந்தது. வசந்த்குமார் கண்ணாடியை இறக்கினான்.

"தம்பி, இன்னா நைனா இது, சட்டைக்குள்ள நீ கீறியா, இல்ல சட்டை மட்டும் தனியா நிக்குதா?"

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"சரி, மோகன்குமார்னு ஒருத்தர் வூடு எங்க கீது?"

பிள்ளை இடது கையை நீட்டியது. "நேராப் போயி பால் சொசைட்டியாண்ட திரும்பணும். மாடி வூடு. பச்சை கேட்டு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அங்க யாரும் இருக்க மாட்டாங்க" என்றது.

"இருப்பாங்கப்பா, எங்களுக்காகவே காத்துக்கினு கீறாங்க" என்று சொல்லிவிட்டு வசந்த்குமார் கிளம்பினான்.

வசந்த்குமார் சொன்னபடிதான் இருந்தது. பச்சை கேட் திறந்திருக்க, மோகன்குமாரும் அவன் மனைவி கல்பனாவும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். ஆறடிச் சுற்றுச்சுவர், புதிதாகக் கட்டிய மாடி, பத்து ஏக்கர் நஞ்சை. காணாமல் போனது அவர்களுடைய ஒரே மகள் திவ்யா. வயது ஏழு.

"போலீஸுக்குப் போவல மேடம். பொம்பளப் புள்ளை. பேப்பர்ல வந்துச்சுன்னா நாளைக்கு அதுக்குத்தான் கெட்ட பேரு" என்றான் மோகன்குமார். கண்கள் சிவந்து, மூன்று நாள் தாடியுடன் இருந்தான். "யாரு தூக்கினதுன்னும் எனக்குத் தெரியும். ஏரிக்கரைக் குடிசையில இருளர் பொம்பளை ஒருத்தி, பாஞ்சாலின்னு பேரு. நெல் கொள்முதல் நிலையத்துல கூட்டிப் பெருக்கினு, நெல்லு தூத்திக்கினு இருந்தா. செவ்வாய்க்கெழமல இருந்து வேலைக்கே வரல. எம் பொண்ணும் செவ்வாய்க்கெழமல இருந்து ஸ்கூலுக்குப் போவல. கணக்கு சரியா வருதா?"

"வருது சார்" என்றான் வசந்த்குமார். உண்மையில் அவனுக்கு வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் காஞ்சிபுரம் போய்விடலாம் என்றே நினைத்தான்.

"எங்க பங்காளிங்க பதினஞ்சு பேரு டிராக்டரோட ரெடியா கீறாங்க. புள்ளைய எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு தெரியாம போனா ஆபத்து. அத்தொட்டுதான் உங்களைக் கூப்ட்டேன். இடத்த மட்டும் சொல்லுங்க. அப்புறம் அங்க ஒரு குடிசை நிக்காது."

வளர்மதி அதற்குப் பதில் சொல்லாமல் போட்டோ கேட்டாள். கல்பனா உள்ளே போய்ச் சட்டம் போட்ட படம் ஒன்றை எடுத்து வந்தாள். காது குத்தியபோது எடுத்தது. மொட்டைத் தலை, சந்தனம், கொழுகொழு கன்னம், மூன்று வயது.

"இதை வெச்சுத் தேடினா திருத்தணி மலையில பாதிப் பேரைப் பிடிச்சுக்கினு வரணும் மேடம்" என்று வசந்த்குமார் முணுமுணுத்தான். அந்தப் படத்தைத் தன் செல்போனில் பிடித்துக்கொண்டான்.

"இதுக்கப்புறம் எடுத்தது?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி. கடைசியா எப்போ பாத்தீங்க?"

"திங்கக்கெழம இவகூட வூட்லதான் இருந்துது" என்றான் மோகன்குமார்.

"நான் நைட் ஷிப்ட்டு மேடம்" என்றாள் கல்பனா. ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனி. "நாலு மணிக்கு எனக்கு பஸ்ஸு. அது ஸ்கூல் வேன்ல நாலரைக்கு வரும். காலையில அது எட்டு மணிக்குப் போயிடும், நான் எட்டரைக்கு வருவேன். வந்து படுத்துக்குவேன்."

"அப்போ வேலை நாள்ல நீங்களும் பிள்ளையும் பாத்துக்கவே மாட்டீங்க."

"ஞாயித்துக்கெழம பாப்பேன்."

"ராத்திரியில பிள்ளைகூட யாரு?"

கல்பனா கணவனைப் பார்த்தாள். கணவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"நெல்லு அறுத்துக் கொள்முதல் நிலையத்துல கொட்டி ஒம்போது நாளாவுது மேடம். இன்னும் முறை வரல. குவிச்சு வெச்ச அம்பாரத்தை வுட்டுட்டு வர முடியுமா? திருட்டு இருக்குது, ஆடு மாடு இருக்குது, திடீர்னு மழை வந்தா தார்ப்பாய் இழுக்கணும். ராத்திரி பகல் அங்கதான் கட்டில் போட்டுப் படுத்துக்கினு கீறேன். இவ லீவு சொல்லிட்டிருப்பான்னு நெனச்சேன்."

"அவரு ராத்திரியில வந்து பாத்துட்டுப் போவாருன்னு நான் நெனச்சேன்" என்றாள் கல்பனா.

"காணோம்னு கண்டுபிடிச்சது யாரு?"

"ஸ்கூல் மிஸ்ஸு. நேத்து போன் பண்ணாங்க. மூணு நாளா வரலியே, ஒடம்பு சரியில்லையான்னு."

நேற்று வியாழக்கிழமை. வசந்த்குமார் மனதுக்குள் விரல் மடக்கிப் பார்த்தான். எந்தப் பக்கம் மடக்கினாலும் கணக்கு அசிங்கமாகவே வந்தது.

வளர்மதி சமையலறைக்குள் போனாள். அடுப்பு மேடையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அடுப்பின் மேல் தோசைக்கல், அதில் பாதி கருகி ஒட்டிக்கொண்டு காய்ந்துபோன தோசை ஒன்று. தரையில் மூடி திறந்தபடி ஒரு பற்பசைக் குழாய், நடுவில் பிடித்து அமுக்கி ஏறக்குறைய முழுவதையும் பிதுக்கியிருந்தது.

"அடுப்படியிலயே பல்லு வெளக்குற குடும்பம் போலக் கீது" என்றான் வசந்த்குமார்.

"சின்ன வயசுல நீ கையைச் சுட்டுக்கினா உங்கம்மா இன்னா தடவுவாங்க?"

"பேஸ்ட்டுதான், வேற இன்னா..." என்று ஆரம்பித்தவன் அந்தக் குழாயைத் திரும்பப் பார்த்தான்.

"ஸ்டூல் போட்டு ஏறித் தானா தோசை ஊத்தியிருக்கு. கையைச் சுட்டுக்கிட்டிருக்கு. தானா மருந்தும் போட்டுக்கிட்டிருக்கு." வளர்மதி திரும்பிக் கல்பனாவைப் பார்த்தாள். "அடுப்புல இது நாலு நாளா கீது."

"நான் கம்பெனி கேண்டீன்லயே தின்னுட்டு வந்து படுத்துடுவேன் மேடம். அடுப்படிப் பக்கமே..." கல்பனா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வளர்மதி அந்தக் குழாயை ஒரு காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "நெல் எங்க கொட்டியிருக்குது, காட்டுங்க" என்றாள்.

மோகன்குமாருக்கு எரிச்சல் வந்தது. "புள்ள காணோம்னா நெல்லைப் பாத்து இன்னா பண்ணப் போறீங்க?"

"ஏழு வயசுப் பிள்ளைக்குக் கை எரியுது. அம்மா வேலைக்குப் போயாச்சு. நீங்களா இருந்தா எங்க போவீங்க?"

மோகன்குமார் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். கார் பின்னால் போயிற்று.

"கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க மேடம்" என்றான் வசந்த்குமார். "அந்தாளைப் பாத்தா பாவமாத்தான் கீது. இதெல்லாம் ஒரு கொடுமையா? கொடுமைன்னா பெல்ட்டால அடிக்கணும், சூடு வைக்கணும். எங்கம்மா விடிஞ்சா கழனிக்குப் போவும், பொழுது சாய்ஞ்சாத்தான் வரும். நான் தெருவுலயே வளர்ந்தவன்."

"பசிச்சா எங்க போவே?"

"எதிர் வூடு. இல்லன்னா மூலை வூடு. சோத்தைப் போட்டு நாலு திட்டும் சேத்துப் போடுவாங்க."

"காய்ச்சல் வந்தா?"

"ஊருக்கே தெரியும். ஆளாளுக்குக் கஷாயம் வெச்சு நம்மளைப் பேஜார் பண்ணிடுவாங்க."

"அப்போ உன்னைப் பாக்கறதுக்கு ஒரு தெருவே இருந்துச்சு. இந்தப் பிள்ளைக்கு ஆறடிச் சுவரும் பூட்டின கேட்டும்தான் இருந்துச்சு. இனிமே எதிர் வூட்டுக்காரி எப்படி வருவா?"

பதில் சொல்ல ஏதோ ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. அது வேடிக்கையான பதில்தான். ஆனால் அவனுக்கே சொல்லப் பிடிக்கவில்லை.

கொள்முதல் நிலையத்தில் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. களம் முழுக்க நெல் அம்பாரங்கள், நீலத் தார்ப்பாய்கள், அம்பாரத்துக்கு ஒரு கயிற்றுக் கட்டில். ஒவ்வொரு அம்பாரத்தின் மேலும் சாம்பலைக் கரைத்துக் கோடு கோடாகக் குறி போட்டிருந்தார்கள். யாராவது ஒரு கை அள்ளினாலும் கோடு கலைந்துவிடும், காலையில் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். இந்தப் பக்கத்து விவசாயி மனைவி மூக்குத்தியை மாற்றியிருந்தால்கூடக் கவனிக்க மாட்டான், குறி ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவான்.

"ஈரப்பதம் எவ்ளோ?" என்று வளர்மதி கேட்டாள்.

"பதினாறு புள்ளி எட்டு" என்றான் மோகன்குமார் உடனே.

"திவ்யா எந்த சைஸ் செருப்பு போடுவா?"

மோகன்குமார் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

"அந்தப் பாஞ்சாலி மேல எப்படிச் சந்தேகம் வந்துச்சு? வேலைக்கு வரலைன்னு மட்டும்தானா?"

"அவ திருடி மேடம்!" இப்போது அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. "செவ்வாய்க்கெழம காலையில எழுந்து தார்ப்பாயைத் தூக்கறேன், அந்தாண்ட பக்கம் குறியெல்லாம் கலைஞ்சு பள்ளமாக் கீது. அன்னிக்கே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், பாருங்க."

செல்போனை நீட்டினான். வளர்மதி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். வசந்த்குமார் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கிழக்கிலிருந்து எடுத்தது, மேற்கிலிருந்து எடுத்தது, கிட்டத்தில், தூரத்தில், பக்கத்தில் பேட்டரி லைட்டை வைத்து அளவு தெரிகிற மாதிரி எடுத்தது. ஒரு பள்ளத்துக்குப் பதினொரு படம்.

"நெல்லு காணோம்னு செவ்வாய்க்கிழமை காலையில புகார். பொண்ணு காணோம்னு வியாழக்கிழமை, அதுவும் டீச்சர் சொல்லி" என்றாள் வளர்மதி. குரலை உயர்த்தவே இல்லை. "வசந்த், இங்க வா. இந்த நெல்லு மேல ஒருக்களிச்சுப் படு."

"மேடம், எனக்கு நெல்லுச் சொணை ஆவாது, அரிக்கும்."

"படு."

படுத்தான். முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொன்னாள், மடக்கினான். உடனே மோகன்குமார் பதறிக்கொண்டு ஓடி வந்தான். "யோவ், எழுந்திரு! குறி கலையுது, குறி கலையுது!"

வசந்த்குமார் எழுந்தான். படத்தில் இருந்த மாதிரியே பேட்டரி லைட்டை ஓரத்தில் வைத்து, வளர்மதி செல்போனைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். தோள் பக்கம் ஆழம், இடுப்பு பக்கம் ஆழம், மடக்கிய முழங்காலுக்கு ஒரு சின்னக் குழி. படத்தில் இருந்ததும் அதே பள்ளம்தான். அளவுதான் பாதி.

அவள் தார்ப்பாயின் ஓரத்தைப் புரட்டினாள். உள்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ இழுவி உலர்ந்திருந்தது.

"காக்கா எச்சம்" என்றான் மோகன்குமார். ஆனால் அந்தக் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

"மோந்து பாருங்க."

அவன் குனிந்தான். கிராம்பும் புதினாவும் கலந்த பற்பசை வாசனை அடித்திருக்க வேண்டும். குனிந்தவன் நிமிரவில்லை. அப்படியே நெல்லில் உட்கார்ந்துவிட்டான். எத்தனை கோடு கலைந்தது என்று இந்தத் தடவை பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை ராத்திரி சுட்ட கையோட உங்களைத் தேடி நடந்து வந்திருக்கு. நீங்க தூங்கியிருப்பீங்க. எழுப்பாம உங்க கட்டிலுக்கு அந்தாண்ட, தார்ப்பாய்க்குக் கீழ படுத்திருக்கு. காலையில குறி கலைஞ்சதைப் பாத்ததும் இன்னா பண்ணீங்க?"

"கத்தினேன்."

"இன்னான்னு?"

பக்கத்து அம்பாரத்துக் கட்டிலில் படுத்திருந்த சின்னராசு என்கிற பெரியவர் எழுந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி சொன்னார். "எவன் கையை வெச்சானோ அந்தக் கையை ஒடிச்சு அடுப்புல வெப்பேன்னு கத்திச்சும்மா. களமே கேட்டுது." பிறகு, "அந்தப் பொம்பளை பாஞ்சாலி புதன்கெழம வந்தா. ஏதோ சொல்ல வந்தா. இவதான் திருடின்னு மோகன்குமாரு கல்லைத் தூக்கிக்கினு தொரத்திச்சு. நாங்களும் சிரிச்சுக்கினு பாத்தோம்" என்றார்.

சுற்றியிருந்த கட்டில்களில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வசந்த்குமாருக்குத் தன் மேல் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிடக்கூட வெட்கமாக இருந்தது. காலையில் பச்சை கேட்டில் நின்று, 'வருது சார்' என்று கணக்குக்குத் தலையாட்டியவன் அவன்தானே?

மோகன்குமாரின் செல்போன் வளர்மதியின் கையிலேயே ஒலித்தது. டிராக்டர் பங்காளிகள். அவள் அதை ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் நீட்டினாள்.

"இன்னாப்பா, கெளம்பட்டுமா?"

"வாணாம்" என்றான் மோகன்குமார். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டது. "வாணாம்னா வாணாம். வூட்டுக்குப் போங்க."

குடிசைகள் காலையில் பார்த்த அதே ஏரிக்கரையின் மறுபக்கச் சரிவில் இருந்தன. மொத்தம் ஒன்பது. மோகன்குமார் தன் வண்டியைக் களத்திலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறியிருந்தான். வளர்மதி செல்போனில் ஒரு நம்பரைப் போட்டு, பிள்ளையின் பெயர், வயது, இடம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

காரைப் பார்த்ததும் பாஞ்சாலி வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும். மோகன்குமாரைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயா, நான் தூக்கிக்கினு வரல ஐயா. செவ்வாய்க்கெழம காலையில மதகாண்ட குந்திக்கினு, அப்பா கையை ஒடிச்சிடுவாருன்னு அழுதுக்கினு இருந்துச்சு. கையெல்லாம் கொப்பளம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி மருந்து கட்டினேன். யாரு புள்ளன்னு நர்ஸம்மா கேட்டாங்க, பயந்துக்கினு எம் புள்ளன்னு சொல்லிட்டேன், அது ஒண்ணுதான் நான் பண்ண தப்பு. உங்க வூட்டாண்ட வந்து கேட்டைத் தட்டினேன், யாரும் தொறக்கல. களத்துக்கு வந்தேன், நீங்க..." கல்லைப் பற்றி அவள் சொல்லவில்லை. "போலீஸாண்ட போவ எங்களுக்குப் பயம் ஐயா. உங்களுக்குத் தெரியாததா?"

"முடியை ஏன் வெட்டினே?" மோகன்குமாருக்கு அது எப்படித் தெரியும் என்று வசந்த்குமார் திகைத்தான். பிறகு அவன் பார்வை போன திசையில் திரும்பினான்.

குடிசை வாசலில், முழங்காலுக்குக் கீழே தொங்குகிற பெரிய சட்டையோடு, காலையில் வழி சொன்ன அதே பிள்ளை நின்றுகொண்டிருந்தது. இப்போது வலது கை வெளியே இருந்தது. விரல் நுனி தவிர மற்றதெல்லாம் கட்டு.

வசந்த்குமாருக்குக் காது மடல் வரை சூடேறியது. சட்டைக்குள்ள நீ கீறியா என்று கேட்டவன் அவன். நாலு வருடமாகத் துப்பறிகிறவன். எதிரே ஒரு பிள்ளை கையை மறைத்துக்கொண்டு நின்றதை ஒரு ஜோக்காக்கிவிட்டுப் போனவன். தன் வீட்டுக்குத் தானே வழி சொல்லி, 'அங்க யாரும் இருக்க மாட்டாங்க' என்று அந்தப் பிள்ளை அவனிடம் புகாரே கொடுத்திருக்கிறது. அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"தலை பூரா பேனு ஐயா. சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணு. நர்ஸம்மாதான் வெட்டச் சொன்னாங்க" என்றாள் பாஞ்சாலி. "எம் பையன் சட்டைதான் போட்டு வுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மோகன்குமார் வளர்மதியின் பக்கம் திரும்பினான். "மேடம், புள்ள கெடைச்சுது. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இதோட வுட்டுடுங்க. இந்தம்மாவையும் நான் ஒண்ணும் சொல்லல."

"குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசிட்டேன். காஞ்சிபுரத்துல இருந்து வண்டி வந்துக்கினு கீது."

"எதுக்கு?" அவனுக்கு ஆங்காரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் இன்னா பண்ணேன்? எம் பொண்ணு மேல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கை நீட்டியிருக்கேனா, கேளுங்க அதை! யாருக்காக அந்த நெல்லைக் காத்துக்கினு கெடந்தேன்? எல்லாம் அதுக்குத்தானே?"

"அடிக்கறதும், பாத்துக்க வேண்டியவங்க பாக்காம வுடறதும் சட்டத்துல ஒரே பிரிவுலதான் இருக்குது. எங்கிட்டச் சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க. உங்க சம்சாரத்தையும் வரச் சொல்லுங்க. பிள்ளையை வூட்டுக்கு அனுப்பலாமா, எப்போ அனுப்பலாம்னு அவங்க முடிவு பண்ணுவாங்க."

"ஊரு முன்னால நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது?"

"அது எனக்குத் தெரியல" என்றாள் வளர்மதி.

அவள் அவனை ஏளனம் செய்யவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வசந்த்குமார் ஏதாவது சொல்லி இந்த நிலைமையைச் சற்று லேசாக்க முடியுமா என்று பார்த்தான். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளமே என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். கார் டிக்கியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினான்.

மோகன்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு எதிரே போய் மண்ணில் முட்டி போட்டான். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை எப்போது பார்த்தோம் என்று யோசிக்கிற மாதிரி பார்த்தான். முன் பல் இரண்டும் விழுந்திருந்தன. அவை விழுந்ததே அவனுக்குத் தெரியாது என்பது அவன் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. கட்டுப்போட்ட கையைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். கடைசியில் எல்லா அப்பன்களும் கேட்பதைக் கேட்டான்.

"சாப்ட்டியாம்மா?"

திவ்யா சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்பா வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்தாள்.